^ குறியை எடுத்தால் போதுமா, லாக் ஃபைல் வேண்டுமா?

ஜாவாஸ்க்ரிப்ட் பேக்கேஜ்களை இறக்கித் தரும் கருவி என்பிஎம். ப்ராஜெக்டுக்குத் தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசனில் ^4.17.1 என்று இருந்தால், 4.17.1 முதல் 5.0.0-க்குக் கீழே உள்ள எந்த வெர்ஷனும் இறங்கலாம். 0-வில் தொடங்கும் பேக்கேஜுக்கு வரம்பு குறுகும்: ^0.2.3 என்பது 0.3.0-ஐத் தொடாது. வெர்ஷனை இறுக்கிக் கட்ட இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, எண்ணை ^ இல்லாமல் எழுதுவது. இன்ஸ்டால் கட்டளையோடு --சேவ்-எக்ஸாக்ட் சேர்த்தால் போதும். என்பிஎம்மின் அமைப்பு ஃபைலான .என்பிஎம்ஆர்சியில் சேவ்-எக்ஸாக்ட்=ட்ரூ என்று ஒரு வரி போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் அடிக்கும் வேலையும் மிச்சம். ஆனால் இது நீங்கள் நேரடியாகச் சேர்த்த பேக்கேஜை மட்டும்தான் கட்டும். அது இழுத்து வருபவை அவிழ்ந்தே கிடக்கும். 2018-ல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜ் வழியாக விஷக் கோட் நுழைந்த விவகாரத்தில் நடந்தது இதுதான். அதன் 3.3.6 வெர்ஷன் ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற இன்னொரு பேக்கேஜை ^0.1.0 என்று கேட்டது. சில வாரம் கழித்து ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீமின் 0.1.1 வெளியானது, விஷம் இருந்தது அதில்தான். 3.3.6 என்று அச்சொட்டாக எழுதியிருந்தாலும், லாக் ஃபைல் (இறங்கிய எண்களைப் பதிந்துவைக்கும் ஃபைல்) இல்லாமல் புதிதாக இன்ஸ்டால் செய்தவருக்கு 0.1.1 வந்திருக்கும்.

இரண்டாவது வழி, என்பிஎம்மின் லாக் ஃபைலான பேக்கேஜ்-லாக்.ஜேசனைக் கிட்டில் கமிட் செய்து, சர்வரில் இன்ஸ்டாலுக்குப் பதில் என்பிஎம் சிஐ கட்டளையை ஓட்டுவது. அடிமட்டம் வரை ஒவ்வொரு பேக்கேஜின் எண்ணும் ஹேஷும் (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு) அதில் இருக்கும். இறங்கிய ஃபைலின் ஹேஷ் பொருந்தாவிட்டால் இன்ஸ்டால் நின்றுவிடும். இன்ஸ்டால் கட்டளை, பேக்கேஜ்.ஜேசனும் லாக்கும் முரண்பட்டால் சத்தமில்லாமல் லாக்கைத் திருத்திவிடும். சிஐ திருத்தாது, எரர் கொடுக்கும். பேக்கேஜ்கள் இறங்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரையும் முழுதாக அழித்துவிட்டுத்தான் தொடங்கும். என்பிஎம்முக்கு மாற்றான யார்ன் 1-லும் பிஎன்பிஎம்மிலும் இதற்கு இணை --ஃப்ரோஸன்-லாக்ஃபைல், யார்ன் 2 முதல் --இம்யூட்டபிள்.

சிஐ அடிக்கடி சண்டை போடுவது பியர் டிபென்டன்சியில்தான், அதாவது ஒரு பேக்கேஜ் தன்னைப் பயன்படுத்தும் ப்ராஜெக்டிடம் எதிர்பார்க்கும் பேக்கேஜில். லாக்கை --லெகசி-பியர்-டெப்ஸ் போட்டு உருவாக்கியிருந்தால் சிஐக்கும் அதே ஃப்ளாக் வேண்டும். மறந்துபோகாமல் இருக்க .என்பிஎம்ஆர்சியில் எழுதி அதையும் கமிட் செய்யுங்கள்.

ஆப் என்றால் யோசிக்கவே வேண்டாம், லாக்கும் சிஐயும்தான். அதற்கு மேல் கோடை ஒழுங்குபடுத்தும் ப்ரெட்டியர், டைப்களைச் சோதிக்கும் டைப்ஸ்க்ரிப்ட் இரண்டையும் எக்ஸாக்டாகவும் கட்டலாம். ப்ரெட்டியரில் சின்ன வெர்ஷன் மாறினாலே நூறு ஃபைல் டிஃப்பில் வந்து நிற்கலாம். டைப்ஸ்க்ரிப்டில் 5.3-லிருந்து 5.4 போனாலும் புது டைப் எரர் வரலாம்.

லைப்ரரி எழுதுபவர் கதை தலைகீழ். உங்கள் பேக்கேஜ்-லாக் பப்ளிஷ் ஆகாது. பயன்படுத்துபவரை அது கட்டுப்படுத்தாது. டிபென்டன்சியை எக்ஸாக்டாக எழுதினால், பயன்படுத்துபவர் வேறு எண் வைத்திருக்கும்போது ஒரே பேக்கேஜ் இரண்டு பிரதியாக இறங்கலாம். அது ரியாக்டாக (திரை அமைக்கும் லைப்ரரி) இருந்தால், அதன் ஹூக் என்ற ஃபங்ஷன்களில் எரர் வெடிக்கும். ரியாக்டைப் பியர் டிபென்டன்சியாக, வரம்போடு எழுதுங்கள்.

எக்ஸாக்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. என்பிஎம் அப்டேட் அந்த வரியைத் தொடாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் ஆடிட் ஃபிக்ஸ் கட்டளையும், சரியான வெர்ஷன் வரம்புக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லி --ஃபோர்ஸ் கேட்கும். அதைக் கொடுத்துவிடாமல், சரிசெய்யப்பட்ட எண்ணைப் பார்த்து நீங்களே இன்ஸ்டால் செய்யுங்கள். ஓட்டை, பேக்கேஜ் இழுத்து வரும் அடி அடுக்கில் இருந்தால், அங்கே எண்ணை மாற்ற என்பிஎம்மில் பேக்கேஜ்.ஜேசனின் ஓவர்ரைட்ஸ், யார்னில் ரெசல்யூஷன்ஸ்.