எட்டு கஜக் கம்பளியும் பை வைத்த கில்ட்டும்: சில வருடம் உடுத்திப் பார்த்த பிறகு

மாடர்ன் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்துகிற மடிப்புப் பாவாடையின் இன்றைய வடிவம்) வாங்கச் சொல்கிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது "அதுல பை இருக்கு" என்பதைத்தான். எனக்கு அந்தக் கில்ட்டின் மேல் இருக்கிற கோபம் முழுவதும் அந்தப் பையின் மேல்தான்.

எடின்பரோவில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவனுக்கு ஸ்டர்லிங் பக்கம் ஒரு கல்யாண அழைப்பு. "அண்ணா, கம்பளியில எட்டு கஜம் தைக்கக் குடுக்கட்டுமா, இல்ல யூட்டிலிட்டி கில்ட்டே போதுமா? உங்ககிட்டதான் ரெண்டும் இருக்கே" என்று கேட்டிருந்தான். வாட்ஸப்பில் தட்ட ஆரம்பித்த பதில் எங்கேயோ போய்விட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். ஒன்று மட்டும் முன்கூட்டியே. என் கம்பளிக் கில்ட்டின் தோல்வார் தையலோடு பிய்ந்து போய், இப்போதுதான் சரிசெய்யக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கடைக்காரர் சொன்ன கூலியும் தவணையும் இன்னும் வயிற்றைக் கலக்கிக்கொண்டிருக்கின்றன. எரிச்சல் தெரிந்தால் அந்த அளவுக்குக் கழித்துக்கொண்டு படிக்கவும்.

கில்ட் என்றால் என்ன என்று இதற்கு மேல் பாடம் எடுக்கப் போவதில்லை. உள்ளே என்ன போடுவது என்ற கேள்விக்கும் பதில் கிடையாது. என்னிடம் இருப்பதில் ஒன்று 16 அவுன்ஸ் கம்பளி (இரட்டை அகலத் துணி ஒரு கஜத்தின் எடை அது), எட்டு கஜம், கையால் தைத்தது, பிளாக் வாட்ச் என்ற டார்ட்டன், அதாவது ஸ்காட்லாந்துக் கட்டம்போட்ட துணி. எந்தக் குலத்துக்கும் சொந்தம் என்று யாரும் சண்டைக்கு வராத டார்ட்டன் அது, நம்மைப் போன்றவர்கள் தயங்காமல் உடுத்தலாம். இன்னொன்று தடித்த பருத்தித் துணி, காக்கி நிறம், இரண்டு பக்கமும் கார்கோ பை, முன்னால் பிரஸ் பட்டன். 2000-த்தில் அமெரிக்காவின் சியாட்டிலில் யூட்டிலிகில்ட்ஸ் என்ற கம்பெனி கிளப்பிவிட்ட பாணி. என்னுடையது அவர்களுடையது அல்ல, அதே சாயலில் இணையத்தில் வாங்கியது.

சரி, பை. வெறும் பையாக இருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. போனை வலது பக்கம் போடுங்கள், சாவிக்கொத்தை இடது பக்கம் போடுங்கள், பத்தடி நடங்கள். தொடையில் ஒரு பக்கம் டொக், மறுபக்கம் சலங்கைச் சத்தம். பை பக்கவாட்டில் தொங்குவதால் அதன் கனம் பின்மடிப்புகளை இழுத்துக்கொண்டே இருக்கிறது, போன் இருக்கிற பக்கம் விளிம்பு ஒரு விரற்கடை இறங்கிவிடுகிறது. கண்ணாடியில் பார்த்தால் படம் சாய்த்து மாட்டிய சுவர் மாதிரி. இதைச் சரிக்கட்ட அகலமான பெல்ட் வேண்டும், அதை இறுக்க வேண்டும். இந்த வகை கில்ட் ஜீன்ஸ் மாதிரி இடுப்பெலும்பில் உட்காருவதால் இறுக்கினாலும் கொஞ்ச நேரத்தில் சறுக்கும். படிக்கட்டில் ஏறும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன் என்றால் அந்தப் பையால் எனக்கு என்ன மிச்சம்? கை ஒன்று காலியாக இருக்கட்டும் என்றுதானே பையே வைத்தார்கள்.

எல்லா மாடர்ன் கில்ட்டையும் இதில் சேர்க்கக் கூடாது. எடின்பரோவிலேயே ஹோவி நிக்கல்ஸ்பி என்ற கில்ட் வடிவமைப்பாளர் 1990களில் தொடங்கி டெனிம், தோல், கோடு போட்ட சூட் துணி என்று கில்ட் தைத்தார். அந்த வகையில் பையைத் துணியோடு துணியாகத் தைத்து மறைத்திருப்பார்கள். பார்க்க ஜோராக இருக்கும். விலையும் ஜோராக இருக்கும், அங்கே போவதென்றால் நேராகக் கம்பளிக்கே போய்விடலாம்.

இப்போது கம்பளியைப் பற்றி. இதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. டார்ட்டனின் அழகு, கல்யாண போட்டோ எல்லாம் எல்லாருக்கும் தெரியும். நடக்கும்போது பின்னால் அது ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, அதை யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை. எட்டு கஜம் என்றாலும் உண்மையில் இரட்டை அகலத் துணி நாலு கஜத்தை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்துச் சேர்ப்பதுதான் வழக்கம். மொத்தம் கிட்டத்தட்ட 2 கிலோ வரும். முன்பக்கம் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விரிப்பு, மீதித் துணி முழுவதும் முதுகுப்பக்கம் மடிப்பாகப் போகிறது. மடிப்பின் மேல்பாகத்தை இடுப்பிலிருந்து புட்டம் வரை தைத்துவிடுவார்கள், கீழே தளர விட்டுவிடுவார்கள். அந்தக் கீழ்ப்பாகம் ஒவ்வொரு அடிக்கும் இடம் வலம் என்று போய் வருகிறது, ஆனால் காற்றுக்குத் தூக்குவதில்லை, கனம் பிடித்துவைக்கிறது. பிரின்சஸ் தெருவில் ஜனவரிக் காற்றில் பருத்திக் கில்ட்டோடு நடந்தவனுக்கு இந்தக் கடைசி வரியின் அருமை தெரியும்.

மடிப்பு எடுப்பதிலேயே இரண்டு வழி உண்டு. கட்டம் மாறாமல் டார்ட்டன் பின்னாலும் அப்படியே தெரிகிற மாதிரி எடுப்பது ஒன்று. ஏதாவது ஒரு கோட்டை மட்டும் ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் வருகிற மாதிரி எடுப்பது இன்னொன்று, இது பட்டாளத்துப் பாணி. என்னுடையது முதல் வகை. தைத்தவர் ஒவ்வொரு மடிப்பையும் எங்கே ஒளித்து எங்கே காட்டியிருக்கிறார் என்று விரித்துப் பார்த்தால் மரியாதை வந்துவிடும். பருத்தியில் இந்த வித்தைக்கெல்லாம் வேலை இல்லை, ஒரே நிறம், மிஷின் தையல். அதில் தப்பும் இல்லை. ஆனால் துவைத்தவுடன் மடிப்பு மறந்துபோகிறது பாருங்கள், அதுதான் தப்பு. ஒவ்வொரு துவைப்புக்கும் அப்புறம் மடிப்பு மடிப்பாக எடுத்து, ஓரம் சேர்த்து, இஸ்திரி போட வேண்டும். விளம்பரத்தில் "மெஷினில் போடலாம்" என்று பெருமையாகப் போட்டிருந்தான், மெஷினிலிருந்து எடுத்த பிறகு என்ன நடக்கும் என்று போடவில்லை. கம்பளியைத் துவைப்பதே அபூர்வம். சேறு பட்டால் காயவிட்டு பிரஷ்ஷால் தட்டினால் உதிர்ந்துவிடும், சுருக்கம் விழுந்தால் ஒரு ராத்திரி தொங்கவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஊருக்குப் போகும்போது நீளவாக்கில் சுருட்டி, பழைய நைலான் காலுறை ஒன்றின் காலுக்குள் திணித்து எடுத்துப் போகலாம், கசங்காது. இங்கே பேக்பைப் வாசிக்கிறவர்கள் சொல்லிக்கொடுத்த தந்திரம் இது.

மழையும் அப்படித்தான். கம்பளி கொஞ்ச நேரம் மழையைத் தாங்கும், நனைந்தாலும் சூடு அவ்வளவாகப் போகாது. பருத்தி நனைந்தால் கனத்து, ஜில்லிட்டு, முழங்காலுக்குப் பின்னால் விளிம்பு ஈரத்தோடு உரசிக்கொண்டே வரும். இதில் கம்பளியைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் ஊறிய கம்பளிக் கில்ட் உறைந்து விறைத்துப்போய் சிப்பாய்களின் காலை அறுத்ததும், மடிப்புகளுக்குள் பேன் குடியிருந்ததும் பதிவில் இருக்கிற சங்கதிகள். கில்ட்டுக்கு மேல் அவர்கள் கட்டிய காக்கி ஏப்ரனின் முன்பக்கத்தில் ஒரு பை இருந்தது. ஸ்போரன் (கில்ட்டுக்கு முன்னால் தொங்கவிடுகிற பை) பளபளத்துக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆக, கில்ட்டோடு பை என்பது சியாட்டில்காரர்கள் கண்டுபிடித்த அதிசயம் ஒன்றும் இல்லை, அப்போது பையை முன்னால் நடுவில் வைக்கிற புத்தி இருந்தது, அவ்வளவுதான்.

பாரம்பரியம் பாரம்பரியம் என்று குதிக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிட வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹைலண்டர்கள் (ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்காரர்கள்) உடுத்தியது தையலே இல்லாத ஒரு பெரிய துணி, கொசுவி பெல்ட் கட்டி மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். கீழ்ப்பாதி மட்டும் தனியாக வந்தது 18ஆம் நூற்றாண்டில். அதற்குள் 1746இல் ஹைலண்ட் உடைக்கே தடைச்சட்டம், அது விலக 1782 ஆயிற்று. மடிப்பைத் தைத்து நிலைநிறுத்தியது அந்த நூற்றாண்டின் கடைசியில்தான், அதுவும் நாலு கஜம் அளவில். 1822இல் மன்னர் நாலாம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஊரையே டார்ட்டன் உடுத்தவைத்தார், அதற்குப் பிறகுதான் இது தேசிய உடையானது. எட்டு கஜம்தான் ஆதிகாலத்து முறை என்று கடையில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். எனக்கு எட்டு கஜம் பிடிப்பது அந்த ஆட்டத்துக்காக மட்டும்.

ஆட்டம் என்றால் நிஜ ஆட்டமும்தான். கல்யாணத்தில் சாப்பாடு முடிந்ததும் 'கேலி' (ceilidh) என்கிற ஸ்காட்லாந்துக் கூட்டு நடனம் தொடங்கும், தப்பிக்க முடியாது. 'ஸ்ட்ரிப் த வில்லோ' ஆடும்போது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நம்மைச் சுழற்றி எறிவார்கள், அந்தச் சுழற்சியில் எட்டு கஜமும் விரிந்து சுற்றி வந்து காலில் ஒட்டும்போது வருகிற குஷிக்கு விலை இல்லை. இரண்டு கிலோக் கம்பளி, மேலே கோட்டு, மூடிய மண்டபம், நாலாவது நடனத்தில் வேர்வையில் குளித்துவிடுவோம் என்பதும் உண்மை. ஸ்போரனை மறக்காமல் இடுப்பின் பக்கமாகத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் குதிக்கிற குதிக்கு அது எங்கே வந்து இடிக்கும் என்று எழுத வேண்டியதில்லை.

ஸ்போரன் என்று வந்ததால் பைக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னுடைய ஸ்போரன் வாங்கிய காலத்தில் போன் சின்னதாக இருந்தது. இப்போதைய போன் குறுக்கே சாய்த்துத் திணித்தால்தான் போகும், மூடி மூடாது. காரில் உட்காரும்போது சீட் பெல்ட்டோடு அது போடுகிற சண்டை தனி. அதன் சங்கிலி பின்பக்கம் இடுப்பில் உரசி உரசிக் கம்பளியைத் தேய்க்கிறது, சங்கிலிக்குப் பதில் தோல்வார் மாட்டியதும்தான் நின்றது. பருத்திக் கில்ட்டில் இந்தத் தலைவலி ஒன்றுகூட இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நம் ஊரில் பை வைத்த ஒட்டிக்கோ வேட்டி வந்தபோது பெரியவர்கள் முகம் சுளித்துவிட்டு, அப்புறம் அவர்களே கல்யாணத்துக்குக் கல்யாணம் அதைத்தான் கட்டினார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

அப்புறம் இந்த வார் விவகாரம். கையால் தைத்த கில்ட் தொப்புள் உயரத்தில், நிஜ இடுப்பில் உட்கார வேண்டும், அந்த அளவுக்கே வெட்டித் தைப்பார்கள். வலது இடுப்பில் இரண்டு வார், இடதில் ஒன்று. பக்கிள் ஓட்டைகளை வைத்து ஓரிரு அங்குலம் கூட்டிக் குறைக்கலாம், அதற்கு மேல் வயிறு வளர்ந்தால் பக்கிளையே பிரித்து நகர்த்தித் தைக்க வேண்டும். எனக்கு நகர்த்தியாயிற்று. நகர்த்திய இடத்தில் இழுவை அதிகமாகி இப்போது வாரும் போயிற்று. கடைக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய மாடு விற்க வந்தவனைப் பார்க்கிற பார்வை பார்த்தார். சொன்ன கூலியில் சுமாரான பருத்திக் கில்ட் ஒன்று வாங்கிவிடலாம். எப்போது கிடைக்கும் என்றால், கல்யாண சீசன், சொல்ல முடியாது என்கிறார். அந்தக் காக்கிச் சனியனில் பட்டன் பிய்ந்தால் நானே புதுப் பட்டன் அடித்துக்கொள்வேன்.

எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் டூரிஸ்ட்களுக்கு மாட்டிவிடுகிற அக்ரிலிக் கில்ட்டைப் பற்றி ஒரே வரி, வாங்காதே. பாலி விஸ்கோஸ் என்று ஒரு நடுவழி இருக்கிறது. டார்ட்டன் உண்டு, மெஷினில் போடலாம், மடிப்பும் ஓரளவு நிற்கும், அந்துப்பூச்சி தொடாது. எனக்கு அனுபவம் இல்லை, உடுத்துகிற நண்பர்கள் குறை சொல்வதில்லை.

ஆகவே தம்பி, கல்யாணத்துக்கு வாடகைக்கு எடு. கோட்டு, ஸ்போரன், காலுறை, ஷூ வரை முழு செட்டாகத் தருவார்கள், கம்பளியில் எட்டு கஜம் புதிதாகத் தைக்கிற விலைக்கு எத்தனையோ கல்யாணத்தை முடித்துவிடலாம். சொந்தமாக ஒன்று வேண்டும் என்றால் பருத்தியையே வாங்கு. ஆமாம், இவ்வளவு திட்டிய அதையேதான். என் வீட்டில் எட்டு கஜம் வருடத்தின் பெரும்பகுதி அந்துப்பூச்சிக்குப் பயந்து மூடிய உறைக்குள் தொங்குகிறது. சனிக்கிழமை காய்கறி வாங்கப் போகும்போதும், பென்ட்லண்ட் குன்றுகளுக்குப் போகும்போதும், மரே ஃபீல்டில் ரக்பி பார்க்கப் போகும்போதும் கை தானாகப் போவது காக்கியைத்தான். பாக்கெட்டைப் பிரித்து எடுத்துவிடு. எடுத்துவிட்டு நல்ல தோல் பை ஒன்றை பெல்ட்டில் மாட்டிக்கொள். வார் திரும்பி வந்ததும் நான் வேறு மாதிரி பேசினாலும் பேசுவேன், அதுவரைக்கும் இதுதான்.

எதை வாங்கினாலும் ஜீன்ஸ் அளவை எழுதி அனுப்பிவிடாதே, அதில் 34 என்று போட்டிருப்பது 34 அங்குலம் இருக்காது. டேப் வைத்து அள. கடைக்காரர் தொப்புள் உயரத்தில் கேட்கிறாரா, இடுப்பெலும்பில் கேட்கிறாரா என்று பார்த்துக்கொள். அளக்கும்போது வயிற்றை எக்காதே.