வண்டிக் கூரையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், 3,480 டாலர் போச்சு

செவ்வாய்க்கிழமை காலை அந்த மின்னஞ்சல் வந்தது. இன்று சனிக்கிழமை. ஐந்து நாளாகச் சரியான தூக்கமில்லை, எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தின் தென் தீவை மோட்டார்ஹோமில், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் வண்டியில், சுற்றலாம் என்று நம்மவர்கள் யாராவது திட்டம் போட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். எப்படி உஷாராக இருப்பது என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

போனது 3,480 டாலர். நியூசிலாந்து டாலர்தான். ஆனால் ஆக்லாந்தில் எங்கள் வீட்டுக்கு ஐந்து வார வாடகை அது.

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அவர்கள், நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஆக மொத்தம் ஐந்து பேர். ஆக்லாந்திலிருந்து நேராகக் குயின்ஸ்டவுனுக்குப் பறந்தால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அங்கே இறங்கிக் கார் எடுத்து, ஓட்டலில் இரண்டு அறை போட்டுச் சுற்றலாம் என்பதுதான் முதல் யோசனை. எட்டு இரவுக்கு அறை 3,520, கார் 990, பெட்ரோல் 250 என்று கணக்கு 4,760 டாலரில் வந்து நின்றது. அப்போதுதான் மோட்டார்ஹோம் ஆசை வந்தது. கிறைஸ்ட்சர்ச் வரை விமானம், அங்கே ஆறு பேர் படுக்கும் வண்டி. ஒன்பது நாள் வாடகை 2,790, ஹாலிடே பார்க்குகளில், அதாவது இந்த மாதிரி வண்டிகள் இரவு தங்கும் இடங்களில், கரண்ட் வசதியோடு நிறுத்த 920, டீசல் 480. கூட்டினால் 4,190. விமானச் செலவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 570 டாலர் மிச்சம், போதாததற்கு சமையலும் வண்டியிலேயே. எக்செல் ஷீட்டில் அந்த 570-க்குப் பச்சை நிறம் கொடுத்தேன். இப்போது நினைத்தால் எரிகிறது.

பல கம்பெனி வண்டிகளை விலை ஒப்பிட்டுக் காட்டும் தளம் ஒன்றில் பதிவு செய்தேன். வண்டி கொடுத்தது கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஷெட் போட்டிருக்கும் சின்ன வாடகை நிறுவனம். இரண்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. விவகாரம் முடியவில்லை, தேவையில்லாமல் இன்னொரு தலைவலி வேண்டாம்.

நான் ஏமாந்த இடம் அந்த ஷெட்தான், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாங்கள் போனபோது நல்ல மழை, காற்று வேறு. ஐம்பது வயது இருக்கும், மிகவும் சாந்தமான மனிதர், சிரித்துக்கொண்டே வந்தார். அப்பா குளிரில் நடுங்குவதைப் பார்த்ததும் "சார், நீங்கள் உள்ளே வந்து உட்காருங்கள்" என்று கூட்டிப்போய் ஹீட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு, தன் கையாலேயே தேநீர் கலந்து கொடுத்தார். எனக்கு அங்கேயே மனசு இளகிவிட்டது. இந்த ஊரில் அப்பாவை யாராவது மரியாதையாக நடத்தினால் நான் அப்படியே விழுந்துவிடுவேன், அது என் பலவீனம்.

அப்புறம் கிளிப் போட்ட அட்டையில் ஒரு தாளோடு வந்தார். வண்டியின் படம் நான்கு பக்கமும் வரைந்திருந்தது, பழைய கீறல் இருக்கும் இடங்களில் பேனாவால் பெருக்கல் குறி. என்னோடு குடை பிடித்துக்கொண்டு சுற்றிவந்து ஒவ்வொரு கீறலையும் காட்டினார். பின்பக்க பம்பரில் நகம் அளவு பெயின்ட் போன இடத்தைக்கூட அவரே கண்டுபிடித்துக் குறித்தார். இவ்வளவு நேர்மையான ஆள்! தாளின் அடியில் 'கூரை' என்று ஒரு சின்னக் கட்டம், அதில் ஏற்கெனவே ஒரு டிக். என் மனைவி கேட்டாள், "ஏங்க, மேலே ஒரு தடவை பார்த்துடுங்களேன், ஏணி இருக்கே." அவளுக்குத் தமிழில் பதில் சொல்வதற்குள் அவரே புரிந்துகொண்டது மாதிரி, "மேலே எல்லாம் காலையில் நானே பார்த்துவிட்டேன், இந்த மழையில் ஏணி வழுக்கும்" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

அது போதாதென்று, இன்சூரன்ஸ். சும்மா விட்டால் 5,000 டாலர் பாண்ட், அதாவது வண்டி திரும்ப வரும்வரை கிரெடிட் கார்டில் முடக்கி வைக்கும் தொகை. அதற்குமேல் நாளைக்கு 45 டாலர் கட்டினால் "எதற்கும் கவலைப்பட வேண்டாம், எல்லாம் அதில் வந்துவிடும்" என்றார். ஒன்பது நாளுக்கு 405 கட்டினேன். 'கூரை சேதம், அடிப்பகுதி சேதம், தண்ணீரால் வரும் சேதம், தவறான எரிபொருள் ஆகியவை இதில் சேராது' என்று ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருப்பதைப் பணம் போன பிறகுதான் படித்தேன். பாண்டையும் விடுவிக்கவில்லை. அது வெறும் சம்பிரதாயம் என்றார்.

பயணம் மோசம் என்று சொல்ல மாட்டேன். டெக்காபோவில் விடிகாலையில் கதவைத் திறந்தால் ஏரி வாசலில் நிற்கிறது. புக்காகி ஏரியின் அந்தப் பால் கலந்த நீலமும், அதற்கு அந்தப் பக்கம் 3,724 மீட்டர் மவுண்ட் குக்கும் பார்த்து அம்மா அரைமணி நேரம் பேசவே இல்லை. ஓட்டல் ஜன்னலில் இது கிடைக்காது. ஆனால் ஓட்டலில் கழிவறை கசெட்டை, அதாவது கழிவு சேரும் பெட்டியை, நீங்களே இழுத்துக்கொண்டு போய் அதற்கென்று இருக்கும் டம்ப் ஸ்டேஷனில் கொட்டிக் கழுவ வேண்டியதும் இல்லை. மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் இருந்தால் நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பின்னால் வரிசை கட்டும் கார்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி வழிவிட வேண்டும். டீசல் வண்டி என்பதால் ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்ப சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் தனி. அது பங்க்கில் போடும் டீசல் விலையில் சேர்ந்திருக்காது, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்பார்கள். எங்களுக்கு 140 டாலர். என் எக்செல் ஷீட்டில் அந்த வரி இல்லை, இன்சூரன்ஸ் 405-ம் இல்லை. கூட்டிப் பாருங்கள், 4,735. ஓட்டல் கணக்குக்கும் இதற்கும் 25 டாலர்தான் வித்தியாசம். அந்த 25 டாலருக்காகத்தான் 3,480 டாலர் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாம் இரவே எச்சரிக்கை மணி அடித்தது, நான்தான் கேட்கவில்லை. நள்ளிரவில் ஹீட்டர் நின்றுவிட்டது. போன் செய்தால் "இன்னொரு கேஸ் சிலிண்டருக்கு மாற்றுங்கள்" என்றார்கள். மாற்றினால் அது காலி. தாளை எடுத்துப் பார்த்தேன், 'இரண்டு சிலிண்டரும் நிரம்பியுள்ளன' என்ற இடத்தில் அழகாக டிக் போட்டிருக்கிறது. அந்த டிக் பொய் என்றால் மற்ற டிக் எல்லாம் என்ன என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டாமா? அம்மாவுக்கு இருக்கிற போர்வையெல்லாம் போர்த்திவிட்டு, காலையில் சிலிண்டர் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். எழுத்தில் ஒரு வரி புகார் அனுப்பவில்லை. போனில் "ஸாரி" சொன்னார்கள், நானும் "பரவாயில்லை" என்றேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று அந்தச் சாந்தமான மனிதர் இல்லை. வேறொரு பையன் சாவியை வாங்கிக்கொண்டு, "நன்றாக வைத்திருக்கிறீர்கள், ஏதாவது இருந்தால் மின்னஞ்சல் வரும்" என்றான். விமானத்துக்கு நேரமாகிவிட்டது, ஓடினோம். நான்காம் நாள் மின்னஞ்சல்: ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை இருக்கும் பகுதியின் முன்முனையில் விரிசல், பழுதுபார்க்க 3,480 டாலர், பாண்டிலிருந்து எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியே கிடையாது.

கூடவே ஒரு படம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரிசலுக்குள் பாசி. பச்சைப் பசேலென்று, ஓரத்தில் கறுத்து, கிணற்றுப்படியில் படிந்திருக்குமே அந்த மாதிரி. பக்கத்திலேயே யாரோ முன்பு அடைத்த சிலிகான், மஞ்சளாகி உரிந்து தொங்குகிறது. நான் வண்டி வைத்திருந்தது ஒன்பது நாள். ஒன்பது நாளில் பாசி பிடித்து, சிலிகான் வைத்து, அதுவும் பழசாகிவிடுமா? அப்பா முப்பது வருஷம் அரசுப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்தவர். படத்தைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "நீ மேலே ஏறிப் பார்க்கலையாப்பா?" நான் பதில் சொல்லவில்லை. அவர் குடித்த அந்தத் தேநீர்தான் ஞாபகம் வந்தது.

வண்டி எங்காவது இடித்ததா என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. உயரம் 3.2 மீட்டர் என்று டாஷ்போர்டில் ஸ்டிக்கர். மரத்தடியில் நிறுத்தவில்லை, மாடிப் பார்க்கிங் பக்கமே போகவில்லை. மில்ஃபோர்ட் சவுண்டுக்குக்கூட வண்டியை டி அனாவில் நிறுத்திவிட்டுச் சுற்றுலாப் பேருந்தில்தான் போனோம். டெக்காபோ பக்கத்தில் இருக்கும் மவுண்ட் ஜான் மலை மேலிருந்து மகள் எடுத்த படத்தில் எங்கள் வண்டியின் கூரை தெரியுமா என்று தேடினேன். தெரிகிறது, அரிசிமணி அளவுக்கு.

இனி அவர்கள் அலைக்கழித்த கதை. செவ்வாய் போன் செய்தேன், "சேதப் பிரிவிலிருந்து கூப்பிடுவார்கள்." யாரும் கூப்பிடவில்லை. புதன், 27 நிமிடம் பாட்டுப் போட்டுவிட்டுத் தானாகத் துண்டித்தது. வியாழன் ஒரு மின்னஞ்சல்: நீங்கள் கையெழுத்திட்ட தாளில் கூரை சரியாக இருப்பதாகக் குறிக்கப்பட்டுள்ளது. நான் கேட்டேன், எனக்குக் கொடுப்பதற்கு முன் கூரையை எடுத்த தேதியோடு கூடிய படம் இருந்தால் அனுப்புங்கள், பாசிக்கு என்ன விளக்கம்? பதில்: உள் ஆவணங்களைப் பகிர்வதில்லை. பாசியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பதிவு செய்த தளமோ, "நாங்கள் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே, ஒப்பந்தம் உங்களுக்கும் அவர்களுக்கும் இடையில்" என்று கழன்றுகொண்டது. அவர்களுக்குக் கமிஷன் போகும்போது மட்டும் இடையில் யாரும் இல்லையா?

வெள்ளிக்கிழமை எப்படியோ அந்தச் சாந்தமான மனிதரே போனை எடுத்தார். பெயரைச் சொன்னதும், "அப்பா எப்படி இருக்கிறார்?" என்றார். நிஜமாகவே அக்கறையாகத்தான் கேட்டார், அதுதான் தாங்க முடியவில்லை. கூரை விஷயத்தை எடுத்ததும், "நான் வண்டி கொடுப்பதோடு சரி, அது அலுவலக விஷயம்" என்று வைத்துவிட்டார். காலையில் மேலே ஏறிப் பார்த்தேன் என்று சொன்ன அதே வாய்.

ஓட்டல் அறையைக் காலி செய்யும்போது கட்டடத்தின் மொட்டைமாடியில் விரிசல் என்று யாரும் பில் நீட்டுவதில்லை. விமானத்திலிருந்து இறங்கும்போது இறக்கையில் கீறல் உங்களால்தான் என்று சொல்வதில்லை. மோட்டார்ஹோமில் வீடும் உங்கள் தலையில், வாகனமும் உங்கள் தலையில். விலையை ஒப்பிடும்போது இதை எந்த வரியில் போடுவது?

சரி, உஷார் விஷயம். விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், நேரமில்லை, தோன்றுவதைச் சொல்கிறேன். மழையோ வெயிலோ, கூரையையும் அடிப்பகுதியையும் வீடியோ எடுங்கள், செல்ஃபி குச்சியில் போனை மாட்டித் தூக்கினாலே போதும். எடுத்ததை அங்கேயே நின்று அவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே, விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். இன்சூரன்ஸில் எது சேராது என்ற பக்கத்தை முதலில் கேளுங்கள். எந்தப் புகாரானாலும் எழுத்தில். டெபிட் கார்டு வேண்டாம். தேநீர் கொடுத்தால் குடியுங்கள், கையெழுத்தை மட்டும் அப்புறம் போடுங்கள்.

நான் விடப்போவதில்லை. 'எல்லாம் அதில் வந்துவிடும்' என்று சொல்லி 405 டாலர் வாங்கியது 1986-ம் ஆண்டின் ஃபேர் டிரேடிங் சட்டத்தின்கீழ் தவறான உத்தரவாதம் என்று சின்னச் சின்னப் பண வழக்குகளைத் தீர்க்கும் டிஸ்பியூட்ஸ் டிரிப்யூனலுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே வக்கீல் கிடையாது, நாமே பேச வேண்டும். வங்கியிலும் கிரெடிட் கார்டு பிடித்தத்தை எதிர்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். 3,480 டாலருக்கு ஆதாரமாகப் பாசி படத்தை அனுப்பினால், கோப்பு பெரிதாக இருக்கிறது, சுருக்கி அனுப்புங்கள் என்கிறார்கள். சுருக்கினால் பாசி தெரியவில்லை. இப்போது அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.