மச்சானை மடக்க வாங்கிய கதிர்வீச்சு மீட்டர்

மச்சானுக்குக் கூடங்குளம் அணுஉலைக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரையில் வீடு. நாகர்கோவிலுக்கு வரும்போதெல்லாம் அணுஉலைப் பேச்சுதான். நான் எலக்ட்ரீசியன், கரண்ட் வேண்டும் என்கிற கட்சி. 'கதிர்வீச்சு வருதா இல்லையா, அளந்தே பார்த்துடுவோம்' என்று ஆன்லைனில் ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு கைகர் கவுண்ட்டர் வாங்கினேன். ஆறு மாதம் ஆகிறது.

பழைய பட்டன் போன் மாதிரி இருக்கும். உள்ளே ஒரு குழாய். கதிர் பட்டால் 'டிக்' என்று சத்தம். ஆன் செய்ததும் வரும் எண்ணை நம்பாதீர்கள். 0.08 காட்டும், அடுத்த நிமிடமே 0.22. பத்து நிமிடம் அசையாமல் வைத்துச் சராசரி பார்க்க வேண்டும். கூட வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

வீட்டில் மணிக்கு 0.15 மைக்ரோசீவெர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சுக்கான அலகு). இடிந்தகரை மாதா கோவில் முன்னால், 2011-இல் உலையை எதிர்த்து ஜனங்கள் பந்தலில் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், 0.14. மச்சானிடம் நீட்டிக் காட்டினேன். நாகர்கோவில் தாண்டி மணவாளக்குறிச்சி கடற்கரையில் இறங்கினால் அலாரம் அலறுகிறது: 1.3! அங்கே கருமணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதில் இயற்கையாகவே கதிர்வீச்சு விடும் தோரியம். உலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுப் பரணில் கிடந்த அப்பா காலத்துப் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலிலும் (எரியும் வலை) தோரியம்தான். பக்கத்தில் கொண்டுபோனால் டிக்கடிக்கென்று பொரிந்து தள்ளுகிறது. இதற்காகவே வாங்கலாம்.

மச்சான் மசியவில்லை. "சரி மாப்ள, ஜப்பான்ல புகுஷிமா அணுஉலைகிட்ட 2011 மார்ச் 10-ஆம் தேதி இத வச்சுப் பாத்திருந்தா என்ன காட்டியிருக்கும்?"

இதே மாதிரி சாதாரண எண்ணைத்தான் காட்டியிருக்கும். மறுநாள் சுனாமி. டீசல் ஜெனரேட்டர்கள் தண்ணீரில் மூழ்கின, நிறுத்திய உலையைக்கூடக் குளிர்விக்கக் கரண்ட் இல்லாமல் உருகிப்போனது. ஜெனரேட்டரை மேடை கட்டி ஏற்றி வையுங்கள் என்று கடை கடையாகச் சண்டை போடுகிறவன் நான்; எனக்கு அது உறைத்தது. இருந்தாலும் விடாமல், கூடங்குளத்தில் கரண்ட் இல்லாமலே காற்றால் குளிர்விக்கிற ஏற்பாடு இருக்கிறது, உருகினாலும் கீழே பிடித்துக்கொள்ளத் தனித் தொட்டி இருக்கிறது என்றேன்.

"அதெல்லாம் வேல செய்யுமான்னு இந்த டப்பா சொல்லுமா?"

சொல்லாது. உலை பாதுகாப்பானதா என்று தெரிந்துகொள்ள இதை வாங்குவதாக இருந்தால் வேண்டாம். இன்றைக்கு, இந்த இடத்தில், எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். அந்த வேலைக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம். கையேட்டுக்காக ஒன்று குறைத்தேன், மூன்று நாளில் தீரும் பேட்டரிக்காக இன்னொன்று.

மீட்டர் இப்போது மச்சானிடம் இருக்கிறது. தினமும் காலையில் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இன்று 0.13.