கொதிக்க எந்தச் செப்புப் பரப்பு? உப்புத்தாள், டெஃப்லான், துகள் பூச்சு

ஹீட்டரால் சூடேற்றிய செப்புக் கட்டையின் மேல் நீரைக் கொதிக்கவைக்கும் சோதனை இது. கட்டை, ஹீட்டர், காய்ச்சி வடித்த நீர் மூன்றும் அப்படியே இருக்க, மேற்பரப்பை மட்டும் மாற்றினாலே கொதிப்பு வேறாகிவிடும். பரப்பு எவ்வளவு சீக்கிரம் குமிழி விடத் தொடங்குகிறது, எவ்வளவு வெப்பம்வரை தாங்குகிறது என்பவை இரண்டு தனிக் கேள்விகள். முதலாவதில் முந்துவது இரண்டாவதிலும் முந்தும் என்று நம்பிவிடக் கூடாது.

குமிழி பிறப்பது ஆவியோ காற்றோ சிக்கிய நுண்குழியில்தான். பரப்பின் சூடு கொதிநிலையைவிட 5 டிகிரி கூடுதல் என்றால் குழியின் வாய் ஆரம் சுமார் 6.5 மைக்ரான் இருக்க வேண்டும். 20 டிகிரி கூடினால் 1.6 மைக்ரான் போதும். பளபளவென்று மெருகேற்றிய செம்பில் பெரிய குழிகள் இல்லை; அது சுணங்குவது இதனால்தான்.

உப்புத்தாளால் தேய்ப்பது மலிவான வழி. குமிழி சீக்கிரம் வரும். ஆனால் அந்தக் கீறல்கள் வாய் அகன்றவை. சில மணி நேரம் கொதித்ததும் நீர் புகுந்து பல குழிகள் செத்துவிடும். முதல் நாள் அளவு மறுநாள் வராது.

மெல்லிய டெஃப்லான் பூச்சு நீரை ஒட்டவிடாது. அதனால் மிகக் குறைந்த கூடுதல் சூட்டிலேயே கொதிப்பு தொடங்கும். பார்க்க அருமையாக இருக்கும்; ஏமாறாதீர்கள். குமிழி கிளம்பாமல் பரப்பிலேயே அகலும், பக்கத்துக் குமிழியோடு சேரும், ஆவிப் படலமாகப் போர்த்திவிடும். சாதாரணச் செம்பு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 100 வாட் தாங்கும்; இது அதற்கு வெகு முன்பே விழுந்துவிடும். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர் உருண்டோடுவதும் இப்படிப்பட்ட படலத்தின் மேல்தான். 1934இல் ஜப்பானிய ஆய்வாளர் நுகியாமா செய்த சோதனையில் நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலப்பு) கம்பி உருகியது, ஆவிப் படலம் போர்த்தும் இந்த வெப்ப எல்லையைத் தாண்டியதால்தான்.

செப்புத் துகளை உலையில் உருகாமல் ஒட்டவைத்த நுண்துளைப் பூச்சு, சீக்கிரம் குமிழி விடுவது, வெப்பம் தாங்குவது இரண்டிலும் முந்துகிறது. சில துளைகளில் ஆவி வெளியேற, மற்றவற்றில் நீர் உள்ளே இழுக்கப்படும். பூச்சு தடித்தால் ஆவி சிக்கிக்கொள்ளும். சில துகள் விட்டத்துக்கு மேல் போகாதீர்கள். உப்பு நீரில் துளைகள் அடைபடும். அங்கே உப்புத்தாளே மேல்.

ஒப்பிடுவதில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. பாயும் வெப்பத்தை அளக்க, கட்டையில் வெப்பம் செல்லும் திசையில் 5 மி.மீ. இடைவெளியில் இரண்டு தெர்மோகப்புள் (வெப்பநிலை உணரி) வைத்தால், சதுர செ.மீ.க்கு 100 வாட்டில் வேறுபாடு சுமார் 13 டிகிரி. 10 வாட்டிலோ 1.3 டிகிரிதான், அரை டிகிரி பிழையே கிட்டத்தட்ட 40 சதவீதம். இரண்டையும் ஒரே வெந்நீரில் வைத்து முதலில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நீரை அரை மணி நேரமாவது முன்கூட்டிக் கொதிக்கவிடுங்கள்; இல்லையென்றால் கரைந்த காற்று வெளியேறுவதைக் கொதிப்பென்று எண்ணிவிடுவோம். குமிழிகள் ஓரத்து சீல் இடுக்கிலிருந்து மட்டும் வந்தால், நீங்கள் அளப்பது அந்த இடுக்கை.

எல்லையை நெருங்கும்போது மின்சாரத்தைச் சிறுசிறு படியாக ஏற்றுங்கள். சூடு நிலைக்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே துண்டியுங்கள். கையை நம்பாமல், பரப்பு 150 டிகிரி தொட்டதும் தானே துண்டிக்கும் ரிலே ஒன்றும் இருக்கட்டும்.