தாவர உள்ளமைப்பு ஸ்லைட் பெட்டி: முழுவதும் வாங்கத் தேவையில்லை

உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கென்று கொழும்பில் ஆய்வுகூடப் பொருட்கள் விற்கும் கடைகளில் 25 ஸ்லைட் கொண்ட மரப்பெட்டி ஒன்று கிடைக்கிறது. தயாரித்தவர் பெயர் பெட்டியில் இல்லை. பாடசாலைகளும் டியூட்டரிகளும், வீட்டில் நுணுக்குக்காட்டி வைத்திருக்கும் பெற்றோரும் இதை வாங்குகிறார்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இதில் நான்கு ஸ்லைட்கள் கொடுக்கும் காசுக்கு முழுப் பெறுமதி. மிச்சத்தில் பெரும்பாலானவற்றை வெள்ளவத்தைச் சந்தை மரக்கறியிலும் முற்றத்துச் செடியிலும் சவர பிளேட்டால் வெட்டி இதைவிடத் தெளிவாகப் பார்க்கலாம்.

அந்த நான்கில் முதலாவது பூசணித் தண்டின் நீள்வெட்டு. பூசணியின் நெய்யரிக்குழாய்கள் (உணவைக் கடத்தும் குழாய்கள்) அகலமானவை; நெய்யரித்தட்டும் பக்கத்திலுள்ள தோழமைக்கலமும் பத்து மடங்குப் பொருள்வில்லையிலேயே அகப்படும், நாற்பதில் தட்டின் துளைகளும் தெரியும். பச்சைத் தண்டைக் கையால் வெட்டினால் இது அமைவது அரிது. வெட்டுப்பட்டவுடன் அழுத்தம் இறங்கிக் குழாயின் உள்ளடக்கம் தட்டை நோக்கி ஓடி அடைத்துக்கொள்ளும். மெல்லிய சுவர்கள் பிளேட்டில் நசுங்கியும் போகும். பூசணியில் உரியம் (உணவைக் கடத்தும் இழையம்) காழின் (நீரைக் கடத்தும் இழையம்) உட்புறமும் வெளிப்புறமும் இருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் உட்பக்க உரியத்தைக் கண்டு குழம்பிவிடுவார்கள்.

இரண்டாவது ரனன்குலஸ் என்ற பூச்செடியின் வேர்க் குறுக்குவெட்டு. நடுவில் நட்சத்திர வடிவில் காழ், அதன் கைகளுக்கு இடையே உரியம், சுற்றிவர அகத்தோல், மேற்பட்டைக் கலங்களுக்குள் மாப்பொருள் மணிகள். எல்லாம் இருக்கிறது. ஆனால் லேபிளில் 'இருவித்திலை வேர்' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வேர் இளையதா முதிர்ந்ததா என்று போடவில்லை. இது சிறிய குறை அல்ல. 1865 இல் றொபேட் காஸ்பரி விவரித்த கீலம் (அகத்தோற் கலச் சுவரில் ஓடும் ஒடுங்கிய பட்டை) இளம் வேரில்தான் ஆரைச் சுவர்களில் சிறு சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். முதிர்ந்த வேரில் அகத்தோற் கலத்தின் சுவர் முழுவதுமே தடித்துச் சிவந்திருக்கும். முதற்காழுக்கு எதிரே உள்ள சில வழிக்கலங்கள் மட்டும் மெல்லிய சுவரோடு நிற்கும். பெட்டிக்குப் பெட்டி இது மாறுகிறது. முதிர்ந்த வேரைக் காட்டி 'காஸ்பரிக் கீலத்தைக் கண்டுபிடி' என்றால் பிள்ளை தடித்த வளையம் முழுவதையும் கீலம் என்று வரைந்துகொண்டு போகும்.

மற்ற இரண்டும் வேர் நுனி, தண்டு நுனி ஆகியவற்றின் நீள்வெட்டுகள். பிரியிழையம் (கலங்கள் பிரிந்து பெருகும் இழையம்) நடு அச்சு வழியே வெட்டப்பட்டிருக்க வேண்டும். அதற்கு மெழுகில் பதித்து மைக்ரோட்டோம் என்ற வெட்டும் கருவியில் வெட்டுவதைத் தவிர வேறு நல்ல வழியில்லை. வீட்டில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பெட்டியின் பெரிய பலவீனம் சாயமேற்றல். இவற்றுக்கு வழக்கமாகச் சபிரனினும் பாஸ்ட் கிறீனும் சேர்த்துப் போடுவார்கள். இலிக்னின் ஏறிய சுவர் சிவப்பாகவும் செலுலோசுச் சுவர் பச்சையாகவும் நிற்க வேண்டும். சூரியகாந்தித் தண்டை எடுத்துப் பாருங்கள்: காழ்க்கலன்களும், உரியத்துக்கு மேல் தொப்பி போல இருக்கும் வல்லுருக்கலவிழைய (தடித்த சுவருள்ள தாங்கும் இழையம்) நார்களும் சிவப்பு; இடையே உரியமும் மாறிழையமும் பச்சை. சபிரனினை அற்ககோலில் போதிய நேரம் கழுவாமல் விட்டிருந்தால் வெட்டு முழுவதும் ஒரே இளஞ்சிவப்பாக இருக்கும். உரியத்தையும் புடைக்கலவிழையத்தையும் (மெல்லிய சுவருள்ள சாதாரண இழையம்) பிரித்தறிய முடியாது. அப்படிப்பட்ட ஸ்லைட்கள் இந்தப் பெட்டிகளில் தாராளமாக வருகின்றன.

வெட்டின் தடிப்பும் ஒரே சீராக இல்லை. 10 முதல் 15 மைக்ரோமீற்றர் வரை இருந்தால் ஒரே அடுக்குக் கலம்தான் தெரியும். நுண்செப்பஞ்செய் திருகாணியை மெல்லத் திருப்பும்போது கலங்களின் எல்லைக்கோடு இடம்மாறி வேறொரு கோலம் தோன்றினால், அந்த வெட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்கு இருக்கிறது. இன்னொன்று, கவர்ஸ்லிப்பின் கீழே பால்சம் (அதை ஒட்டும் பிசின்) அளவுக்கு மீறித் தடித்திருப்பது. நாற்பது மடங்குப் பொருள்வில்லைக்கும் கவர்ஸ்லிப்புக்கும் இடையே அரை மில்லிமீற்றர் அளவுதான் இடைவெளி. அதற்குள் குவியம் கிடைக்காது, திருகத் திருக வில்லை கண்ணாடியில் முட்டும். ஸ்லைட் உடைவதை விட வில்லையில் கீறல் விழுவதுதான் பெரிய நட்டம்.

ஆகவே கடையிலேயே பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெட்டு மடிந்திருந்தால் கருஞ்சிவப்புக் கோடாக வெறுங்கண்ணுக்கே தெரியும். வளிக்குமிழி வெட்டின் மேல் இருந்தால் வாங்க வேண்டாம். ஓரத்தில் இருந்தால் பரவாயில்லை. கவர்ஸ்லிப்பை விரல் நுனியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள், அசைந்தால் பால்சம் இன்னும் காயவில்லை. கடையில் நுணுக்குக்காட்டி இருந்தால் சோளத் தண்டை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கலன்கட்டின் (காழும் உரியமும் சேர்ந்த கட்டு) உட்பக்கத்தில் ஒரு வெற்றிடம் தெரியும். அது கிழிசல் அல்ல. தண்டு நீளும்போது முதற்காழ் அறுந்து உண்டான இடைவெளி, விளிம்பில் வளையத் தடிப்புகளின் மிச்சமும் ஒட்டியிருக்கும். எல்லாக் கட்டிலும் அது ஒரே பக்கத்தில் இருந்தால் வெட்டு நல்லது. கண்டபடி ஓட்டைகள் இருந்தால் அவை உண்மையான கிழிசல்கள்.

இனி, பெட்டி இல்லாமலே பார்க்கக்கூடியவை. ஒட்டுக்கலவிழையத்துக்குப் (மூலைகளில் சுவர் தடித்த தாங்கும் இழையம்) பூசணிக் கொடியின் மேடுகளே போதும். கல்கலங்களுக்குக் கொய்யாப்பழச் சதையைக் கடுகளவு எடுத்து நசுக்கினால் சரி. இலைவாய்க்கு றியோ என்ற அழகுச்செடி இலையின் ஊதா நிற அடிப்புறத் தோலை உரித்தால் சாயமே தேவைப்படாது: சுற்றியுள்ள கலங்கள் ஊதா, காவற்கலங்கள் பச்சை. காற்றறைகளைக் காட்ட நீலோற்பலத்தின் இலைக்காம்பை விஞ்சியது இல்லை. நட்சத்திர வடிவ வல்லுருக்கள் அந்த அறைகளுக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதையும் பார்க்கலாம். அலரி இலையில் பல அடுக்கு மேற்றோலும் குழிக்குள் மறைந்த இலைவாய்களும் தெரியும், ஆனால் அலரிப் பால் நஞ்சு. கையுறை போட்டு வெட்டி, பிளேட்டையும் கையையும் கழுவ வேண்டும்.

இருவித்திலைத் தண்டுக்குக் கீரைத்தண்டு மட்டும் வேண்டாம். தண்டுக்கீரையின் குடும்பத்தில் துணைவளர்ச்சி வழக்கத்துக்கு மாறானது, தண்டின் நடுவிலுள்ள மையவிழையத்துக்குள்ளும் ஒருவித்திலைத் தண்டில் போலக் கலன்கட்டுகள் கிடக்கும். பிள்ளை அதை ஒருவித்திலை என்று எழுதினால் பிழை பிள்ளையுடையதல்ல. இளம் சூரியகாந்தி கிடைத்தால் அதுவே நல்லது.

வெட்டும் முறை கடினமானதல்ல. மரவள்ளித் தடியின் நெட்டியை (நடுவிலுள்ள மென்மையான பகுதி) எடுத்து, நீளவாக்கில் பிளந்து, நடுவில் வெட்ட வேண்டிய தண்டின் இரண்டு சென்ரிமீற்றர்த் துண்டை வைத்துப் பிடிக்க வேண்டும். பிளேட்டும் தண்டும் நனைந்திருக்கட்டும். பிளேட்டை உங்கள் பக்கமாக ஒரே இழுவையில் சரித்து இழுங்கள். வாள் அறுப்பது போல முன்னும் பின்னும் அசைத்தால் கலங்கள் கிழியும். முழு வட்டம் கிடைக்க வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். ஆப்பு மாதிரி ஒரு ஓரம் மெலிந்திருந்தால் அந்த ஓரமே போதும். நிறைய வெட்டி நீரில் போட்டு, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதைத் தூரிகையால் எடுங்கள். 0.05 சதவீத ரொலுயிடின் நீலத்தில் ஒரு நிமிடம் வைத்து நீரில் கழுவினால் இலிக்னின் சுவர் பச்சை கலந்த நீலமாகவும், மெல்லிய முதற்சுவர் ஊதா இளஞ்சிவப்பாகவும் பிரியும். பெட்டியின் சிவப்பு பச்சையை விட இது பிள்ளைகளின் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும். ஃபுளோரோகுளுசினோலும் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலமும் இன்னும் கூர்மையாகக் காட்டும் என்றாலும், அமிலப் புகை வில்லையின் உலோகத்தை அரிக்கும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். கவர்ஸ்லிப்பை ஒரு பக்கமாகச் சரித்து மெல்ல இறக்கினால் குமிழி வராது.

சில கடைகள் ஸ்லைட்டைத் தனித்தனியாகவும் தருகின்றன, கேட்டுப் பாருங்கள். மேலே சொன்ன நான்கையும் வாங்கி, பணம் மிச்சமிருந்தால் தீலியா என்ற குளிர்நாட்டு மரத்தின் மூன்று வயதுத் தண்டையும் சேர்க்கலாம். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று வளையம் விழுவதைக் காட்ட அது உதவும், எங்களூர் மரங்கள் பலவற்றில் அப்படித் தெளிவாகத் தெரியாது. முழுப் பெட்டியாகத்தான் தருவோம் என்றால் வகுப்புக்கு ஒன்று போதும். கொழும்பின் ஈரப்பதனில் ஸ்லைட்டும் வில்லையும் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்காஜெல் பை ஒன்றை உள்ளே போட்டு, ஸ்லைட்கள் படுக்கையாக இருக்கும்படி பெட்டியை நிறுத்தி, வெயில் படாத அலுமாரியில் வையுங்கள்.