சோரியாசிஸ் கூச்சத்துக்கு ஆன்லைன் பயிற்சி: ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க கையை நீட்டுகிற வேலை. அந்தப் புறங்கையிலும் முழங்கையிலும் தலை ஓரத்திலும் சோரியாசிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தூண்டிவிடுவதால், ஒரு மாதம் போல எடுத்து வளர வேண்டிய தோல் சில நாளிலேயே மேலே வந்து செதிலாக உதிர்கிறது. யாருக்கும் ஒட்டாது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை, கல்யாணத்தில் கடைசிப் பந்தி, அக்கா குழந்தையைத் தூக்காமல் ஒதுங்குவது. யாரும் விலகச் சொன்னதில்லை, நானே விலகிக்கொள்வேன்.

தோல் நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க, தோல் டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். பத்துக் கேள்வி, மொத்தம் 30 மதிப்பெண். போன வாரம் தோலால் எவ்வளவு கூச்சப்பட்டீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. அப்புறம்தான் இதற்கென்று ஆன்லைனில் சுயஉதவிப் பயிற்சிகள் இருப்பதைத் தேடிப் பிடித்தேன். கடை சாத்திய பிறகு போனிலேயே படிக்கலாம். மனநலப் பிரிவு வாசலில் தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்ற பயம் இல்லை. எங்கள் ஊர் மாதிரி இடத்தில் இது பெரிய விஷயம்.

எனக்கு நிஜமாகவே உதவியது மூன்று கட்டக் குறிப்பு. நடந்தது என்ன, மனதில் ஓடியது என்ன, கண்ணால் பார்த்தது என்ன. ஓர் அம்மா காசை என் கையில் தராமல் மேசையில் வைத்தார். 'அருவருப்பு' என்று இரண்டாவது கட்டத்தில் எழுதினேன். மூன்றாவதில் எழுத இருந்தது, அவர் இடுப்பில் குழந்தை, ஒரு கையில் ஆதார் நகல், பல்லில் பர்ஸ் என்பது மட்டும்தான்.

அடுத்தது, யாராவது கேட்டால் சொல்ல இரண்டு வரி பதிலை எழுதி வாய்விட்டுப் பழகுவது. பயப்படும் இடங்களுக்கு ஒவ்வொரு படியாகப் போகவும் சொல்வார்கள். கடையில் அரைக்கைச் சட்டையில் தொடங்கினேன். கடைசிப் படியாக நான் எழுதியிருந்தது ஒகேனக்கல் எண்ணெய்க் குளியல். மசாஜ் செய்கிறவர் முழங்கையைப் பார்த்து, "என்ன தம்பி, ஒட்டுமா?" என்றார். "ஒட்டாதுங்கண்ணா, சோரியாசிஸ். அங்க மட்டும் தேய்க்காதீங்க, சிராய்ச்சா புதுசா வரும்" என்றேன். "சரி, திரும்பிப் படுங்க" என்றார். அவ்வளவுதான்.

குறையும் உண்டு. நான் எடுத்த பயிற்சி முழுக்க ஆங்கிலம். உதாரணமெல்லாம் நீச்சல் குளம், ஜிம். பந்தியும் பெண் பார்க்கும் வீடும் அதில் இல்லை. தனக்குத்தானே அன்பாகக் கடிதம் எழுதும் பாடம் எனக்கு ஒட்டவே இல்லை. ஒரு சலூனில் தலையைப் பார்த்ததும் "வேற கடைக்குப் போங்க" என்றார்கள். அது என் கற்பனை இல்லையே, அங்கே மூன்று கட்டம் என்ன செய்யும்? நிஜமாக ஒதுக்குகிறவர்களை எதிர்கொள்வது பற்றி இன்னும் நிறைய சொல்லியிருக்க வேண்டும்.

தோல் இதனால் ஆறாது, களிம்பும் டாக்டரும் தொடர வேண்டும். மார்கழிக் குளிரில் திட்டு ஏறும்போது பழைய எண்ணமும் ஏறுகிறது. அப்போது அந்தப் பாடங்களை மட்டும் திரும்பப் பார்க்கிறேன். உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறவர்கள் பயிற்சியை நம்பி உட்கார வேண்டாம். 14416, டெலிமனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மூன்று கட்டத் தாளைத் தமிழில் டைப் செய்து கடையில் வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குக் காசு வாங்காமல் பிரிண்ட் போட்டுத் தருகிறேன்.