அவிடெமக்ஸ்: கேப்சர் செய்த வீடியோவை டிவிடிக்கு வெட்டி ஒட்ட

டேப்பில் உள்ள படத்தைக் கணினியில் பதிவு செய்யும் கேப்சர் கார்டு தரும் எம்பெக்-2 (டிவிடி பயன்படுத்தும் வீடியோ சுருக்க முறை) கோப்பின் முன்னும் பின்னும் நறுக்கி, நடுவே வரும் விளம்பரங்களை எடுத்துவிட்டு, துண்டுகளை ஒன்றாக்க அவிடெமக்ஸ் போதும். இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பெரிய எடிட்டிங் மென்பொருள்கள் பலவும் இந்தச் சின்ன வேலைக்கே படம் முழுவதையும் மறுபடி என்கோட் செய்துவிடும், அதாவது புதிதாகச் சுருக்கிவிடும். பழைய டேப்பிலிருந்து எடுத்த படத்தில் ஏற்கெனவே இரைச்சல் அதிகம். இரண்டாம் முறை சுருக்கினால் இருட்டான இடங்கள் கட்டம் கட்டமாக உடையும். அவிடெமக்ஸ் படத்தைத் தொடாமல் அப்படியே நகலெடுத்துத் தருகிறது. இதைப் பரிந்துரைக்க அந்த ஒரு காரணமே போதும்.

அமைப்பு எளிது. இடப்பக்கத்தில் வீடியோ, ஆடியோ இரண்டையும் 'காப்பி'யில் வைத்து, அவுட்புட் ஃபார்மட்டில் எம்பெக்-பிஎஸ் மக்ஸரை (படத்தையும் ஒலியையும் ஒரே கோப்பில் சேர்க்கும் பகுதி) தேர்ந்தெடுக்கவும். அதன் கன்ஃபிகர் பொத்தானை அழுத்தி, வகை டிவிடி என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளவும்.

கவனம் தேவைப்படுவது வெட்டும் இடத்தில்தான். எம்பெக்-2வில் எல்லா பிரேமும் முழுப் படம் அல்ல. ஐ (I) பிரேம் மட்டுமே தனித்து நிற்கும். மற்ற இரு வகைகளான பி (P), பி (B) பிரேம்கள் பக்கத்துப் பிரேம்களைச் சார்ந்தவை என்று நினைவில் கொண்டால் போதும். 'காப்பி' முறையில், வெட்டுக்குப் பின் மிஞ்சும் பகுதி ஐ பிரேமில் தொடங்கியே ஆகவேண்டும். இல்லையென்றால் அடுத்த ஐ பிரேம் வரும்வரை படம் சிதைந்து தெரியும். மேல், கீழ் அம்புக்குறி விசைகள் ஐ பிரேமிலிருந்து ஐ பிரேமுக்குத் தாவும். இடம், வலம் விசைகள் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தும். நிற்கும் பிரேமின் வகையைத் திரையின் கீழ்ப்பகுதியில் பார்க்கலாம்.

விளம்பரம் தொடங்கும் இடத்தில் [ விசையால் முதல் குறி, படம் மறுபடி தொடங்கும் ஐ பிரேமில் ] விசையால் இரண்டாம் குறி, பிறகு டெலீட். இரண்டாம் குறி நிற்கும் பிரேம் அழியாது, படத்தில் மிஞ்சும். அதனால்தான் அது ஐ பிரேமாக இருக்க வேண்டும். முதல் குறியையும் ஐ பிரேமிலேயே வைப்பது பாதுகாப்பு. இந்தியாவில் வழங்கும் பால் (PAL) ஒளிபரப்பு முறை டிவிடியில் ஐ பிரேம்கள் பெரும்பாலும் 12 அல்லது 15 பிரேமுக்கு ஒன்று வரும், அதாவது ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒன்று. விளம்பரத்தின் கடைசி நொடித்துளி ஒட்டிக்கொண்டே வரலாம். அதுகூடக் கூடாது என்பவர்களுக்கு, வெட்டு விழும் இடத்தை மட்டும் என்கோட் செய்யும் ஸ்மார்ட் ரெண்டரிங் மென்பொருள்தான் சரி. இதில் அந்த வசதி இல்லை.

குறிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சேமிக்கும்போது இரு குறிகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டுமே கோப்பாகும். பழைய குறி எங்காவது விட்டுப்போயிருந்தால் பாதிப் படம்தான் வரும். சேமிக்கும் முன் வலது கீழ்மூலையில் தேர்வின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரு பார்வை பார்த்துவிடவும்.

ஒட்டுவதற்கு முதல் கோப்பைத் திறந்து, ஃபைல் மெனுவில் 'அப்பெண்ட்' கொடுத்து மற்றவற்றை வரிசையாகச் சேர்க்கவும். எல்லாக் கோப்பிலும் படத்தின் அளவு, கோடெக் (சுருக்கும் முறை), ஒலியின் மாதிரி விகிதம் (சாம்பிள் ரேட்), சேனல் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். 720×576 கோப்போடு 352×576 கோப்பு சேராது. ஃபேட்32 (FAT32) முறையில் ஃபார்மட் செய்த வட்டில் பதிவு செய்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு நிற்காது என்பதால் துண்டுகளாக வரும். அவை ஒரே பதிவின் பகுதிகள், சிக்கலின்றி ஒட்டும். கட்டளை வரியில் கோப்புகளை அப்படியே வால் பிடித்து இணைப்பது வேண்டாம். ஒவ்வொரு பதிவின் நேரக்குறியும் புதிதாகத் தொடங்கினால் பிளேயர் தவறான நீளத்தைக் காட்டும், ஒலி விலகும்.

ஒலியின் மாதிரி விகிதம் 48 கிலோஹெர்ட்ஸ் இல்லாவிட்டால் டிவிடிக்கு ஆகாது. 44.1 அல்லது 32-ல் பதிவாகியிருந்தால், வீடியோவைக் 'காப்பி'யிலேயே விட்டு ஆடியோவுக்கு மட்டும் ஏசி3 (டால்பி டிஜிட்டல் ஒலி முறை) தேர்ந்து, ஃபில்டரில் 48000-க்கு மாற்றவும். ஸ்டீரியோவுக்கு வினாடிக்கு 192 கிலோபிட் தாராளம். ஒலி தொடக்கம் முதலே ஒரே அளவு விலகியிருந்தால் 'ஷிஃப்ட்' பெட்டியில் மில்லிவினாடி கொடுத்துச் சரிசெய்யலாம். போகப்போக விலகல் கூடினால் பெரும்பாலும் கேப்சரில் பிரேம்கள் விடுபட்டிருக்கும். ஷிஃப்ட் அதைத் தீர்க்காது.

ஆதரிங்கில் (மெனுவோடு டிவிடியாக அமைக்கும் வேலை) டிவிடிஸ்டைலர் மென்பொருளைப் பயன்படுத்துவோர் அங்கும் வீடியோவைக் 'காப்பி' என்று வைக்கவும். இல்லையென்றால் இவ்வளவு நேரம் காப்பாற்றிய தரம் அங்கே போய்விடும். ஒற்றை அடுக்கு வட்டில் இரண்டு மணி நேரப் படம் அடங்க, ஒலியும் சேர்த்து வினாடிக்குச் சராசரி 5 மெகாபிட்டுக்குள் இருக்க வேண்டும். வட்டில் எழுதும் முன் வீடியோ_டிஎஸ் (VIDEO_TS, டிவிடியின் கோப்புகள் இருக்கும்) ஃபோல்டரை விஎல்சி பிளேயரில் திறந்து, ஒவ்வொரு ஒட்டுக்கும் பத்து வினாடி முன்னாலிருந்து ஓட்டி, உதட்டசைவும் ஒலியும் பொருந்துகின்றனவா பார்க்கவும்.